நரம்பும் நாழிகையும்

தமிழில் ‘நரம்பு’ என்னும் சொல்லைப் போல் இத்தனை பொருள் சுமக்கும் சொல் வேறு உண்டோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. யாழில் கட்டியிருப்பது நரம்பு. இலையில் ஓடுவது நரம்பு. மருத்துவமனையில் தாதி இரத்தக்குழாயில் மருந்து ஏற்றினால் அது ‘நரம்பு ஊசி’. முதியவர் புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், அது சிரை. கழுத்துப் பிடித்துக்கொண்டால் நரம்பு பிசகிவிட்டது என்கிறோம். அங்கே பிசகியது பெரும்பாலும் தசை. இத்தனை பொருள்களுக்கும் அந்தப் பெயரைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்ட பிறகு, மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்பட்டு விரல்நுனிவரை ஓடி, ஆணையைக் கொண்டுபோய் உணர்வைக் கொண்டுவரும் அந்த வெண்ணிற இழைக்கென்று தனிப்பெயர் இல்லாமற் போயிற்று.

இது நம் மொழிக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. கிரேக்கருடைய ‘நியூரோன்’ என்ற சொல்லும் முதலில் தசைநாணையே குறித்தது. பின்வந்த அரபு மருத்துவர்கள் மூன்றையும் பிரித்து வைத்தனர். நரம்பு ‘அஸப்’, தசையை எலும்போடு கட்டும் நாண் ‘வதர்’, எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் ‘ரிபாத்’. இவற்றுள் ‘வதர்’ என்பது இசைக்கருவியின் தந்திக்கும் வில்லின் நாணுக்கும் பெயர் என்று அறியும்போது, யாழ் நரம்பை நினைத்துச் சற்றே புன்னகை செய்யலாம்.

சொல்லாராய்ச்சி நமது நோக்கமன்று. ஆனால் பெயர் குழம்பினால் காயமும் குழம்பும் என்பதை எமது வீட்டிலேயே கண்டோம். ஆகவேதான் இவ்வளவும் சொல்ல நேர்ந்தது.

எமது ஊர் கொட்டாரம். நாகர்கோயிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் பெருஞ்சாலையில், குமரிமுனையை எட்டுவதற்குச் சற்று முன்னே உள்ளது. வயலும் தென்னையும் சூழ்ந்த ஊர். தலை நிமிர்ந்தால் மருந்துவாழ் மலை தெரியும். அந்த மலையின் பெயரே சொல்வதுபோல, இந்த வட்டாரத்தில் மருந்துக்கும் மருத்துவருக்கும் என்றும் குறைவிருந்ததில்லை. சிறப்பாக, வர்ம ஆசான்கள். நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் அடிபட்டவனை முதலில் ஆசானிடம் கொண்டுபோவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். மனித உடலில் 108 வர்மங்கள் உள என்றும், அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்றும் அவர்களுடைய ஏடுகள் கணக்கிடும். காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் அமைந்த ‘காக்கட்டைக் காலம்’ என்னும் வர்மத்தில் அடிபட்டால் கை விழுந்துபோகும் என்பர். உடற்கூறு நூலைத் திறந்து அதே இடத்தைப் பார்த்தால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் ஐந்து நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அங்கேதான் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. பிணத்தை அறுத்துப் பார்க்காமல், அடிபட்டவனைப் பார்த்துப் பார்த்தே இந்த இடத்தைக் குறித்துவைத்த கண்களை நாம் மதிக்காமல் இருக்க முடியாது.

2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எமது தங்கையின் மகன், அப்போது பத்தொன்பது வயது, சன்னல் கதவைக் காற்று அறையாமல் பிடிக்கப் போனான். கண்ணாடி உடைந்து இடது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, ஆழமாகக் கீறிவிட்டது. இரத்தம் பீறிட்டது. அருகிலிருந்த ஒரு மருந்தகத்தில் இரத்தத்தை நிறுத்தி, தோலைத் தைத்து, கட்டுப் போட்டு அனுப்பினர். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். தழும்பு அழகாக ஆறியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சுண்டுவிரல் மரத்திருக்கிறது என்று அவன் சொன்னான். தையல் போட்ட இடம் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த இடலாக்குடிக்கு ஜும்ஆவுக்குச் சென்றிருந்தோம். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும்போது அவன் எம்மிடம் மெல்லச் சொன்னான்: “மாமா, தண்ணி படுறது எல்லா விரலுக்கும் தெரியுது. இந்த ஒண்ணரை விரலுக்கு மட்டும் தெரியல்ல.” சுண்டுவிரலையும், மோதிரவிரலின் வெளிப்பாதியையும் தொட்டுக் காட்டினான். மருத்துவக் கல்லூரி மாணவன் பரீட்சைக்கு எழுதுவதைப் போல அவ்வளவு துல்லியமாக அவன் அந்த எல்லையைச் சொன்னது பின்னால்தான் எமக்கு விளங்கிற்று. முழங்கையின் உட்புறத்தில் இடித்துக்கொண்டால் ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அந்த நரம்புதான் மணிக்கட்டைக் கடந்து சரியாக அந்த ஒன்றரை விரலுக்கு உணர்வு தருகிறது. விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும் பெரும்பாலும் அதன் பொறுப்பே.

(பாவலரின் பெயரைச் சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவதானக் கலையில், முதுகின் மேல் எறியப்படும் நெல்லையும் கல்லையும், மற்ற அலுவல்களுக்கிடையே எண்ணி வைத்து இறுதியில் சொல்வது ஓர் அங்கம். நூறு விஷயங்களில் கருத்தூன்றியவரின் முதுகுத்தோல் தன்பாட்டில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறது. தோலை வெறும் போர்வை என்று எண்ணுபவர்கள் இதைச் சற்றே சிந்திக்கலாம்.)

இரண்டு மாதம் கழிந்தது. அவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பிரிவில் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கையாளும்போது ஏதோ கருகும் நாற்றம் வந்தது. கருகியது அவனுடைய சுண்டுவிரல். அந்தக் கையில் வலியே இல்லை. அதற்குள் அவ்விரு விரல்களும் பறவையின் நகம்போல் மடங்கத் தொடங்கியிருந்தன. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே இருந்த சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

உறவினர் சொற்படி ஆசான் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். முதியவர். கையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். “மக்களே, விரல விரி பாப்பம்” என்றார். விரியவில்லை. இரு விரல்களுக்கிடையே ஒரு வெற்றிலையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வெற்றிலை சிரமமின்றி வந்துவிட்டது. தழும்பின்மேல் விரலால் தட்டினார். பையன் திடுக்கிட்டு, “சுண்டுவிரல்ல கரண்டு அடிக்குது” என்றான். ஆசான் கையை விட்டுவிட்டு எம்மைப் பார்த்தார்.

“சாரே, நசுங்கினதுக்கு எண்ணெய் உண்டு. பிசகினதுக்குத் தடவு உண்டு. இது அறுந்தது. அறுந்தது எண்ணெய்க்கு ஒட்டாது. தைக்கத் தெரிஞ்ச ஆள்கிட்டே கொண்டுபோங்க. நாழிகை ஏற்கெனவே தப்பிப்போச்சு, இன்னும் தப்பவிடாதீங்க.”

அவர் சொன்ன ‘நாழிகை’ வெறும் பேச்சு வழக்கன்று. ஒவ்வொரு வர்மத்துக்கும் அடிபட்டபின் இத்தனை நாழிகைக்குள், அல்லது இத்தனை நாளுக்குள், இளக்குமுறை செய்யவேண்டும், தப்பினால் குணமில்லை என்று வர்ம ஏடுகள் வரையறுக்கும். காயத்துக்கு மருந்து இருப்பதுபோலவே காலமும் இருக்கிறது என்ற இந்த எண்ணம் எமக்கு மிகவும் பெரியதாகப் பட்டது. ஏனெனில் பிற்பாடு நரம்புக் காயம் பற்றிப் படித்த ஆங்கில நூல்கள் யாவும், கடைசியில் இதே கணக்கையே வேறு அளவையில் போட்டிருந்தன.

அந்தக் கணக்கின் முதல் வரியை எழுதியவர் அகஸ்டஸ் வாலர். 1850இல் லண்டனில் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்பை அறுத்துவிட்டு, நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்துவந்தார். அறுபட்ட இடத்துக்கு அப்பால், அதாவது உடலின் நடுவிலிருந்து பிரிந்துபோன பகுதியில், இழைகள் துண்டு துண்டாகிச் சிதைந்து மறைந்தன. மூளைப்பக்கத்து முனையோ சாகவில்லை. அது மீண்டும் தளிர்க்கும். தளிர்க்கும் வேகம் மனிதரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். நகம் இதைவிட மெதுவாக வளர்கிறது என்பதைத் தவிர, ஆறுதலுக்கு வேறொன்றுமில்லை.

இதற்கு எதிரே இன்னொரு கணக்கு ஓடுகிறது. நரம்பை இழந்த தசை காத்திருக்கும். ஆனால் என்றென்றும் காத்திராது. ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரையாண்டு. அதற்குப் பின் அது நாராகவும் கொழுப்பாகவும் மாறிவிடுகிறது. அப்போது நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆளிராது. தோலின் உணர்வு இதைவிட நெடுங்காலம் காத்திருக்கும். ஆகவே மணிக்கட்டில் அறுந்தால் பிழைக்க வழி அதிகம்; கழுத்தருகே அறுந்தால் கைவிரல்வரை ஒருமுழத்துக்கும் மேலான தூரத்தைக் கடக்க இரண்டாண்டு வேண்டும், அதற்குள் கையின் சிறு தசைகள் போய்விடும். இந்த எளிய கூட்டல் கழித்தலை அறிந்த குடும்பம், ‘போகப் போகச் சரியாகும்’ என்ற சொல்லைக் கேட்டு ஆறு மாதம் உட்கார்ந்திராது.

எல்லா மரத்தலும் அறுந்ததன் அடையாளமன்று என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களை ஆக்ஸ்ஃபோர்டில் வைத்து மருத்துவம் செய்த ஹெர்பர்ட் செடன், 1943இல் நரம்புக் காயத்தை மூன்றாகப் பகுத்தார். எமது மருமகனுடைய தொழிலின் மொழியில் சொல்வதானால் இப்படி: கம்பியும் உறையும் முழுமையாக இருக்கின்றன, ஆனால் ஓரிடத்தில் மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது, இது நாள்களிலோ வாரங்களிலோ தானே தீரும். உள்ளே செம்பு அறுந்திருக்கிறது, உறை அப்படியே இருக்கிறது. இழைகள் அந்த உறைக்குள்ளேயே வழி கண்டு வளர்ந்துவிடும். உறையும் செம்பும் சேர்ந்தே அறுந்துவிட்டன. இதற்குக் கத்தியும் ஊசியும் அன்றி வேறு வழியில்லை. ஆசான் சொன்ன பிசகியதும் நசுங்கியதும் அறுந்ததும் இவையேதான். ஆஸ்திரேலியாவின் சண்டர்லாண்டு 1951இல் இதை ஐந்தாக விரித்தார். அந்த நுட்பம் நமக்கு வேண்டாம்.

எந்த வகை என்று எப்படி அறிவது? கத்தி, அரிவாள், கண்ணாடி போன்ற கூரிய பொருள் பட்டு, அதற்கப்பால் உணர்வோ அசைவோ போயிருந்தால், நரம்பு அறுந்தது என்றே கொண்டு திறந்து பார்க்கவேண்டும் என்பது இன்றைய மருத்துவர்களின் விதி. அடி, இழுப்பு, நசுங்கல் என்றால் சில வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள். மின்பரிசோதனை உண்டு, நரம்பில் மின்சாரம் செலுத்தி அது செல்லும் வேகத்தையும், தசையில் ஊசி நுழைத்து அதன் மின்னோட்டத்தையும் அளப்பார்கள். ஆனால் காயம்பட்ட மறுநாளே அந்தப் பரிசோதனைக்கு ஓடுவதில் பயன் குறைவு. அறுந்த பின்னும் அப்பால் உள்ள துண்டு சில நாள் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும், எண்ணெய் தீர்ந்த பிறகும் திரி சற்றே எரிவதுபோல. முழு உண்மை மூன்று வாரத்துக்குப் பிறகே தெரியும்.

ஆசான் தட்டிப் பார்த்தாரே, அதற்கும் பெயர் உண்டு. முதல் உலகப்போரின் நடுவே, 1915இல், பிரான்சில் டினெல் என்பவரும் ஜெர்மனியில் ஹாஃப்மன் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், எதிரெதிர் அணிகளின் காயமுற்றோரிடம் இதைக் கண்டெழுதினர். வளரும் நரம்பின் நுனி எங்கே இருக்கிறதோ அங்கே தட்டினால் மின்சாரம் பாய்வதுபோல் கூசும். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த ஆண்டில் இரண்டு மருத்துவர்களும் ஒரே உண்மையைத் தொட்டார்கள்.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. நெடுநேரம் நீரில் கிடந்தால் விரல்நுனி சுருங்கிப்போவதை எல்லோரும் அறிவர். அது தோல் ஊறுவதால் மட்டும் வருவதன்று, நரம்பின் வேலை. நரம்பறுந்த விரல் சுருங்காது. 1973இல் ஓ’ரியன் என்னும் மருத்துவர் இதை ஒரு சோதனை முறையாகவே எழுதினார். அழுகிற குழந்தையிடம், தெரிகிறதா தெரியவில்லையா என்று கேட்டுக் காலம் போக்கவேண்டியதில்லை. புண் ஆறியதும் கையைச் சூடு பொறுக்கும் வெந்நீரில் அரைமணி நேரம் வைத்தால், சுருங்கிய விரலும் வழவழவென்றிருக்கும் விரலும் தாமே சாட்சி சொல்லும்.

ஐந்தாம் மாதத்தில் எமது மருமகனுக்கு அறுவை நடந்தது. நரம்பின் இரு முனைகளும் விலகிச் சுருங்கிவிட்டிருந்தன. மேல்முனையில் முடிச்சுப்போல் ஒரு திரட்சி. முதல் நாளே தைத்திருந்தால் முனையோடு முனை சேர்ந்திருக்கும். இப்போது இடையில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒட்டு தேவைப்பட்டது. கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் ஓர் உணர்வு நரம்பை எடுத்து இடையே வைத்து, நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய இழையால் தைத்தார்கள். அதனால் அவனுடைய பாதத்தின் வெளியோரம் சிறிது மரத்தே இருக்கும். அது கொடுத்து வாங்கிய பேரம். முனைகளை இழுத்துப்பிடித்துத் தைப்பதே முற்காலத்து வழக்கம். இழுவிசை நரம்பைக் கொன்றுவிடுகிறது, ஒட்டு வைத்துத் தளர்வாகச் சேர்ப்பதே நல்லது என்று 1970களில் நிலைநாட்டியவர் வியன்னாவின் ஹன்னோ மில்லெசி.

நரம்பைத் தைக்கலாம் என்னும் துணிவு அதைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. நரம்பைத் தொட்டால் வலிப்பு வரும் என்று பலரும் அஞ்சிய காலத்தில், அறுந்த முனைகளைத் தைத்துச் சேர்ப்பதை இப்னு ஸீனா ஆதரித்ததாக மருத்துவ வரலாற்றாசிரியர் குறிப்பர். நம் ஹகீம்கள் ‘ஜாலினூஸ்’ என்று போற்றும் கேலனோ, அவருக்கும் எட்டு நூற்றாண்டு முந்தியவர். பௌஸானியாஸ் என்ற சொற்பொழிவாளர் ஒருவருக்கு இரண்டு விரலும் நடுவிரலின் பாதியும் மரத்துப்போயின. வேறு மருத்துவர்கள் விரலுக்கே மருந்து பூசிக்கொண்டிருந்தனர். கேலன் விசாரித்தபோது, அவர் சில காலம் முன்பு வண்டியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது தெரியவந்தது. விரலை விட்டுவிட்டுக் கழுத்தும் முதுகும் கூடும் இடத்துக்கு மருந்திட்டார், விரல் குணமாயிற்று. வலிக்கும் இடம் வேறு, நோயின் இடம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல கதை எமக்குத் தெரியாது.

அறுவைக்குப் பின் மருமகனுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவிலிருந்து வந்ததும் உள்ளங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்து, கூசும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பான். முதல் சில வாரம் புள்ளி அசையவில்லை. பிறகு அசைந்தது. நான்கு வெள்ளிக்கிழமைக்கு ஓர் அங்குலம். நூலில் படித்த எண்ணை ஒருவனுடைய உள்ளங்கையில் மைப்புள்ளியாகப் பார்க்கும்போது உண்டாகும் உணர்ச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உணர்வு திரும்பியபோது முதலில் வந்தது இதமன்று; எரிச்சல். குளிர்ந்த நீர் பட்டால் கத்துவான். “வலிக்குது மாமா” என்று அவன் சொல்ல, அவன் உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

அவள் சொன்னது சரியே என்பதைச் செங்கல்பட்டுக் கதையை அறிந்தவர்கள் ஒப்புவர். நம் மருமகனுக்கு மடங்கிய அதே இரண்டு விரல்களைத் தமிழகத்துத் தெருக்களில் நூற்றாண்டுகளாக மக்கள் பார்த்திருக்கிறார்கள், பார்த்து ஒதுங்கியிருக்கிறார்கள். தொழுநோயின் கிருமியை 1873இல் நார்வேயின் ஹான்சன் கண்டுபிடித்தார். ஆனால் விரல் ஏன் மடங்குகிறது, ஏன் குட்டையாகிறது என்பதற்கு, சதை அழுகி உதிர்கிறது என்னும் பதிலே அதன் பின்னும் வழங்கிற்று. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயரான பால் பிராண்டு, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்தபோது, 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குச் சென்றார். அங்கிருந்த ராபர்ட் காக்ரேன் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஓர் இளைஞனிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்டு. வலி தாங்கவில்லை. செத்ததாக எல்லோரும் எண்ணிய கையில் அத்தனை வலிமை! முன்கையின் தசைகள் முழு உயிரோடு இருந்தன. உள்ளங்கையின் சிறு தசைகளுக்குச் செல்லும் நரம்பு மட்டுமே பட்டுப்போயிருந்தது.

அதன்பின் தொழுநோயால் இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது, நரம்பு எங்கும் ஒரேபோல் கெட்டிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலருகே, தோலுக்கு நெருங்கி ஓடும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. உடலின் குளிர்ந்த இடங்கள் அவை. அந்தக் கிருமிக்குக் குளிர்ச்சியே பிடித்தம். விரல் அழுகவில்லை என்பதும் தெளிந்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்கத் திணறியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததை அவனே அறியாததையும் பிராண்டு பின்னாளில் எழுதியிருக்கிறார். உறங்கும்போது எலி கடித்தும் விழிக்காதவர்கள் இருந்தனர். விரலைத் தின்றது நோயன்று, வலியின்மை.

தசைநாணை இடம் மாற்றும் அறுவை, போர்க்காயங்களுக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் அதற்கு முன்பே வழக்கில் இருந்ததுதான். அதைத் தொழுநோயாளியின் கையில் செய்ய எவரும் துணியவில்லை. 1948இல் பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் தொடங்கினர். மடங்கிய விரல் நிமிர்ந்தது. நிமிர்ந்த கையுடன் வெளியே போனவர்கள் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்களாம்: மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது, நல்ல கைக்குப் பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை. இந்த இடத்தில் மருத்துவம் முடிந்து நம்முடைய பங்கு தொடங்குகிறது என்பது எமது கருத்து. அவர்கள் தச்சுவேலை கற்றுத் தம் கையைக் காத்து உழைக்க நவஜீவ நிலையம் உண்டாயிற்று. 1955இல் கரிகிரியில் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் கிருமி அடங்கிவிடுகிறது. நரம்போ இன்றும் நாழிகை கேட்கிறது. நரம்பின் செயல் குன்றி ஆறு மாதத்துக்குள் மருந்து கொடுத்தால் மீட்க வழியுண்டு. அதற்கு மேல் அரிது. தோலில் ஒரு தேமல், அதில் உணர்வில்லை என்றால், மறைத்துவைக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆறில் கழிகிறது.

எமது மருமகனுக்கு 2019இல் அதே வகை அறுவை செய்து விரல்களைச் சற்று நிமிர்த்தினார்கள். உணர்வு முக்கால்பங்கு திரும்பியிருக்கிறது. சிறு தசைகளில் பெரும்பகுதி திரும்பவில்லை. சட்டைப் பொத்தானை அந்தக் கையால் போட முடியாது. கம்பி முறுக்கும் வேலையை விட்டு, மின்சாதனக் கடையில் கணக்கெழுதுகிறான்.

இதைவிடக் கொடிய நிலை இருசக்கர வண்டியிலிருந்து தோள் குத்த விழும் இளைஞர்களுக்கு நேர்கிறது. தலை ஒருபுறம், தோள் மறுபுறம் இழுபட, காக்கட்டைக் குழியின் நரம்புப் பின்னல் கிழிகிறது. சிலருக்கு வேரோடு தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்படுகிறது. தலைக்கவசம் உயிரைக் காக்கும், இதைக் காக்காது. பிடுங்கிய வேரைத் திரும்ப நட முடியாது. பக்கத்திலுள்ள நல்ல நரம்பில் ஒரு கிளையை மாற்றிவிடுகிறார்கள். விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்பைக் கைக்குத் திருப்புவர். பிரான்சின் ஓபெர்லின் 1994இல் வெளியிட்ட முறையில், கைக்குச் செல்லும் நரம்பின் ஒரு சிறு கற்றையைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசைக்குக் கொடுப்பர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைத் துறையும் கோவை கங்கா மருத்துவமனையும் இத்தகைய வேலைக்குப் பெயர் பெற்றவை. குமரியிலிருந்து அவை தொலைவு என்பது மெய். மூன்றாம் மாதத்தில் போனால் தொலைவு, பதினைந்தாம் மாதத்தில் போனால் வீண்பயணம்.

வீடுகளில் நாமே உண்டாக்கும் காயங்களும் உண்டு. காய்ச்சலென்றால் ஊசி போட்டே தீரவேண்டும் என்று மருத்துவரை நெருக்கும் தாய்மார் அறியவேண்டும்: குழந்தையின் பிட்டத்தில் சதை குறைவு, இடம் தவறி விழுந்த ஊசி பெரிய நரம்பில் பட்டால், நடந்த குழந்தை பாதத்தை இழுத்து நடக்கும். எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டு, யார் கட்டியதாயினும், விரல் நீலம் பாரித்து, விரலை நீட்டினால் உயிர்போக வலித்தால், அதை அந்த நிமிடமே அவிழ்க்கவேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் விடியும்போது கை இராது; அங்கே கணக்கு மாதத்தில் இல்லை, மணியில்.

அந்த ஆசானிடம் சென்ற ஆண்டு போயிருந்தோம். மருமகனின் கையைத் தடவிப் பார்த்தார். வெந்நீர்ச் சோதனையைச் சொன்னோம். மிகவும் கவனமாகக் கேட்டார். தம்மிடம் வருகிற வெட்டுக்காயங்களை இனி அப்படிப் பார்த்துவிட்டே தொடுவதாகச் சொல்லி, உள்ளே போய்ப் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார்.

“அரைமணி நேரம்னா எத்தனை நாழிகை, சாரே?”

நாழிகைக்கு 24 நிமிடம், ஒன்றேகால் என்றோம். எழுதிக்கொண்டார்.